ஆற்றைச் சுருக்கியவர்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். "தட்டிப்பார்" என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். மண்தொட்டி வாங்கப் போனால் ஒவ்வொரு தொட்டியையும் விரல்முட்டியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாங்குவார். அதோடு நிறுத்தினாரா மனுஷன்? பிளாஸ்டிக் வாளி வந்த பிறகு அதையும் தட்டினார். மகளைப் பெண் கேட்டு வந்த பையனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, இருமுகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாராம். முடிதிருத்தும் கடைக்காரர் இதை வருகிறவர்களிடமெல்லாம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பொய்யாக இருக்காது.

நாற்றுப்பண்ணைதான் அவர் பிழைப்பு. பச்சை வலைப் பந்தல், அதற்குக் கீழே வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் கன்றுகள், ஓரத்தில் ஒரு டீசல் பம்பு, பம்பிலிருந்து ஆற்றுக்குள் இறங்கும் குழாய். இளவயதில் யாரையோ நம்பி ஒரு லாரி நிறைய ஆரஞ்சுக் கன்று வாங்கி விற்றார். சில வருஷம் கழித்துக் காய்த்ததைப் பார்த்தால் அத்தனையும் வாயில் வைக்க முடியாத கசப்பு நாரத்தை. வாங்கிப்போனவர்கள் வீடு தேடி வந்து திட்டிய திட்டை, அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு அழுதாள். அன்றைக்குப் பிடித்த சந்தேகம்தான். அதன் பிறகு விதையைக்கூடப் பாதியாகப் பிளந்து பார்த்துத்தான் விதைப்பார் என்று மனைவி கேலி செய்வாள்.

பண்ணை இருப்பது ஆறு வளைகிற இடத்தில். மேலேயிருந்து வருகிற ஆறு ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, பாறை பாறையாக இறங்கி, குன்றின் மறுபக்கம் போய் நேராகிறது. அந்த வளைவுக்குள் இருப்பது இவருடைய பண்ணை மட்டும்தான். கிணறு வெட்டிப் பார்த்தார். தண்ணீர் உப்புக் கரித்தது. கன்றுகளுக்கு ஆற்றை விட்டால் வேறு நாதி கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் ஜீப் வந்து நின்றது. தொப்பி போட்ட ஒரு பெண் இறங்கினாள். ரப்பர் பூட்ஸ், தோளில் ஒரு பெட்டி, கூட உதவிக்கு டிரைவர். பண்ணைக் கதவைத் தாண்டித்தான் ஆற்றுக்கு இறங்க முடியும் என்பதால், "ஐயா, உள்ள வரலாமா?" என்று மரியாதையாகவே கேட்டாள். மரியாதையாகக் கேட்டதே இவருக்குச் சந்தேகமாகப் பட்டது.

அவர்கள் ஆற்றங்கரையில் ஒரு டிரம்மை வைத்து, அதில் மூட்டையைப் பிரித்துக் கொட்டினார்கள். வெள்ளை வெளேரென்று ஏதோ ஒன்று. கலக்கி, மொத்தத்தையும் ஆற்றில் கவிழ்த்தார்கள். தட்டிப்பாருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. மண்வெட்டியோடு ஓடினார்.

"ஏம்மா! யார் நீங்க? என்னத்த ஊத்துறீங்க ஆத்துல?"

"உப்புங்க ஐயா. சாதாரண சமையல் உப்பு."

"யாருக்குக் காது குத்துறீங்க? உப்ப எவனாவது ஆத்துல கொட்டுவானா?"

அவள் சிரித்துவிட்டு, மூட்டையின் அடியில் ஒட்டியிருந்ததை எடுத்து நீட்டினாள். இவர் நக்கிப் பார்த்தார். உப்புதான். ஆனாலும் சமாதானம் ஆகவில்லை. தண்ணீரில் இறங்கி அதையும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கொஞ்சம்கூடக் கரிக்கவில்லை. அவள் ஆற்றில் கொஞ்சம் கீழே தள்ளி வைத்திருந்த ஒரு கருவியைக் காட்டி விளக்கினாள். தண்ணி அதிகமா இருந்தா உப்பு நல்லா கலந்து சப்புன்னு ஆயிடும், கொஞ்சமா இருந்தா கரிப்பு தூக்கலா தெரியும், நம்ம சமையல் மாதிரிதான், கரிப்பு எவ்வளவுன்னு இந்தக் கருவி சொல்லும், அத வெச்சு ஆத்துல எவ்வளவு தண்ணி போகுதுன்னு கணக்குப் போட்டுடலாம் என்றாள். அன்றிலிருந்து அவள் இவர் வாயில் உப்பம்மா ஆகிவிட்டாள்.

எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்டதற்கும் ஒளிக்காமல் சொன்னாள். ஊர்ச் சங்கம் அவளை அமர்த்தியிருந்தது. குன்றுக்கு மேலே ஆற்றின் குறுக்கே சின்னத் தடுப்பு கட்டி, தண்ணீரைக் குழாயில் வாங்கி, குன்றின் மறுபக்கம் செங்குத்தாக இறக்கி, டர்பைனைச் சுற்றவிட்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடலாம். அந்த மின்சாரம் ஊருக்குப் போதுமா, செலவுக்குக் கட்டுபடியாகுமா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. "ஒரு சொட்டுத் தண்ணி வீணாகாதுங்க, அப்படியே ஆத்துக்கே வந்துடும்" என்றாள்.

வரும். எங்கே வரும்? வளைவைத் தாண்டி வரும். வளைவுக்குள் உட்கார்ந்திருக்கும் நான் என்ன மண்ணைத் தின்பதா? கேட்டாரா அவளிடம்? கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சந்தேகப்படுகிறவர்களிடம் ஒரு கோளாறு உண்டு பாருங்கள், பதில் பொய்யாகத்தான் இருக்கும் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டு கேள்வியை விழுங்கிவிடுவார்கள். தட்டிப்பாரும் விழுங்கினார். விழுங்கிவிட்டு, வேறு ஒரு காரியம் செய்தார்.

வளைவுக்கு மேலே, மூடிக் கிடக்கிற ஒரு காகித ஆலை இருந்தது. ஆலை ஓடிய காலத்தில் ஆற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்காலும் அதன் வாயில் ஒரு இரும்பு ஷட்டரும் அப்படியே இருந்தன. ஷட்டரைத் தூக்கினால் ஆற்றில் பாதிக்கு மேல் அந்த வாய்க்காலில் திரும்பி, ஆலையைச் சுற்றி, வளைவைத் தொடாமலே கீழே போய் ஆற்றோடு சேர்ந்துவிடும். அந்த ஆலைக்குக் காவல் யார் என்கிறீர்கள்? தட்டிப்பாரின் சொந்த மச்சினன், மனைவியின் தம்பி. பயந்த சுபாவம். அக்கா புருஷன் குரலை உயர்த்தினால் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நின்றுவிடுவான்.

"மாப்ள, அந்த ஷட்டர் சாவி உன்கிட்டதான இருக்கு?"

"இருக்கு மாமா. எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்காத. கேட்டா நீயும் உடந்தைன்னு ஆயிடும்."

நல்ல நியாயம்! சாவியைக் கொடுக்கிறவன் உடந்தை இல்லையாம், கேள்வி கேட்டால்தான் உடந்தையாம். மச்சினன் சாவியைக் கொடுத்தான்.

உப்பம்மா ஒவ்வொரு தடவையும் வருவதற்கு முன்னால் போன் போட்டுச் சொல்லிவிடுவாள். "ஐயா, நாளைக்குக் காலையில வர்றோம், கதவத் திறந்து வெச்சிருங்க" என்பாள். பாவம், அது அவளுடைய மரியாதை. போனை வைத்த கையோடு இவர் ஆலைக்குக் கிளம்பிவிடுவார். சாயங்காலம் ஷட்டர் ஏறும். மறுநாள் அவள் அளந்து முடித்து ஜீப் ஏறிய பிறகு இறங்கும். ஆறு சின்னது என்று தெரிந்தால் திட்டம் கட்டுபடியாகாது, ஆளை விடுங்கடா சாமி என்று மூட்டை கட்டிவிடுவார்கள். இதுதான் அவர் போட்ட கணக்கு. மழைக்காலத்தில் ஷட்டரைத் தூக்கினாலும் வெள்ளத்தில் ஒன்றும் தெரியாது. ஆகவே கோடையில் மட்டும் கைவரிசை.

அந்த நாட்களில் அவருடைய பம்பே காற்றைத்தான் உறிஞ்சும். குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே தொங்கும். மனைவி ஆற்றுக்கும் பந்தலுக்கும் குடம் சுமப்பாள். "நேத்து முழங்கால் வரைக்கும் போன தண்ணி இன்னைக்கு எங்க போச்சு?" என்று கேட்டால், "கோடைன்னா அப்படித்தான்" என்பார். அவளுக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் அது வேறு சந்தேகம். புருஷன் சாயங்காலமானால் தம்பி வீட்டுப் பக்கம் போகிறான், காலெல்லாம் சேறாகத் திரும்பி வருகிறான், முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வேறு. இவள் கிட்டே வந்து மூக்கை நீட்டுவாள்.

"எங்க, ஊதுங்க பாப்போம்."

"என்னடி இது புதுசா?"

"ஊதுங்கன்னா ஊதுங்க."

ஊதுவார். ஒன்றும் வராது. அதுதான் அவளுக்கு இன்னும் கவலையைக் கொடுத்தது.

உப்பம்மா ஏமாளி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாளே மேலே போய் அந்த ஷட்டரைப் பார்த்தாள். மூடியிருந்தது. "தொறந்து வருஷக்கணக்காச்சுங்க" என்று மச்சினன் சொன்னான், அன்றைக்கு அது உண்மையும்கூட. அதனால் அவள் அந்தப் பக்கம் திரும்பப் போகவில்லை. ஆனால் கோடையில் அளந்தபோது அவளுக்குக் கணக்கு உதைத்தது. பெய்கிற மழைக்கு இன்னும் தண்ணீர் இருந்தாக வேண்டும். கருவி கெட்டுவிட்டதோ என்று வேறு கருவி கொண்டுவந்து பார்த்தாள். அதுவும் அதையேதான் சொன்னது. கடைசியில் இவரிடம் வந்து கேட்டாள்.

"ஐயா, நீங்க தினமும் பாக்குறவரு. கோடையில இவ்வளவுதான் போகுமா?"

"இது எங்க? இதுக்கும் கீழ போகும்மா. ஓணான் தாண்டிப் போயிடும்."

அவள் ஒரு நிமிஷம் ஆற்றைப் பார்த்தாள், இவர் முகத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். கருவி சொன்னதை நம்பாமல் நின்றவள் இவர் சொன்னதை நம்பிவிட்டாள். ஜீப் போன பிறகு, "எனக்கா தண்ணி காட்டுற?" என்று தட்டிப்பார் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

முடிவு சொல்ல, பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். தட்டிப்பார் இஸ்திரி போட்ட சட்டையும் மனைவியுமாக முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். மச்சினன் வாசல் ஓரம் நின்றான். வெல்டிங் பட்டறைக்காரர், குளிர்கிடங்கு வைக்க ஆசைப்பட்ட காய்கறி வியாபாரி, எல்லோரும் மின்சாரம் வருமா வராதா என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உப்பம்மா எழுந்தாள். "தாராளமா செய்யலாம்" என்றாள். ஹாலில் கைதட்டல். தட்டிப்பாருக்குக் காதில் விழுந்தது சரிதானா என்றே தெரியவில்லை.

"கோடையில தண்ணி கம்மிதான். அப்ப மிஷின நிறுத்திடுவோம். மத்த மாசத்துல வர்ற தண்ணியே திட்டத்துக்குப் போதும். இப்ப, வளைவுக்குள்ள ஒரு பண்ணை இருக்கு. ஆறும் உயிரோட இருக்கணும். அதனால எல்லாத் தண்ணியையும் குழாய்க்கு எடுக்க மாட்டோம். இந்த ஆத்துல நாங்க பார்த்ததுலயே குறைஞ்ச தண்ணி எவ்வளவோ, அவ்வளவ வருஷம் பூரா வளைவுல விட்டுடுவோம். அதுல ஒரு கை அள்ள மாட்டோம். அதுக்கு மேல வர்றதுதான் மிஷினுக்கு."

இவரைப் பார்த்துச் சிரித்தும் வைத்தாள், உங்களை மறக்கவில்லை என்று சொல்வதுபோல.

பார்த்ததிலேயே குறைந்த தண்ணீர். தட்டிப்பாருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். பம்பு காற்றை உறிஞ்சிய அந்தத் தண்ணீர். குடம் அமிழாத அந்தத் தண்ணீர். அதைத்தான் இனி மழையிலும் வெயிலிலும், இந்த வருஷமும் அடுத்த வருஷமும், அவர் இருக்கிற வரைக்கும் அவருக்கு விடப்போகிறார்கள். உப்பம்மாவும் செய்யவில்லை, சங்கத்துக்காரனும் செய்யவில்லை. தன் கையால் ஷட்டரைத் தூக்கித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று.

எழுந்து நின்றார். "அளவு தப்பும்மா."

ஹாலே சிரித்தது. "ஆரம்பிச்சுட்டாருய்யா! தட்டிப் பாக்கணுமாம்!" என்றார் முடிதிருத்தும் கடைக்காரர்.

"எப்படிங்க ஐயா தப்பு?"

"நான்தான் தண்ணியத் திருப்பிவிட்டேன். ஆலை ஷட்டரத் தூக்கி. நீங்க வர்றப்பல்லாம்."

சிரிப்பு நின்றது. நின்றது ஒரு நொடிதான். காய்கறி வியாபாரி எழுந்து, "அம்மா, நம்பாதீங்க. தனக்கு விடுற தண்ணி கம்மின்னு தெரிஞ்சதும் கத கட்டுறாரு. இவரு சொன்னபடி அதிகமா விட்டா, நமக்குக் கரண்ட் குறையும். இவரு எப்பவாவது எதையாவது நல்லதுன்னு சொல்லிருக்காரா?" என்றார். ஆமாம் ஆமாம் என்று நாலு குரல். நியாயமான சந்தேகம்தானே! இவர் இடத்தில் வேறு யாராவது எழுந்து இப்படிச் சொல்லியிருந்தால், முதல் ஆளாக எழுந்து அதையேதான் தட்டிப்பாரும் கேட்டிருப்பார்.

"மாப்ள, சொல்லுடா!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

ஆமாம் என்றால் மச்சினனுக்கு வேலை போய்விடும். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஷட்டர் பூட்டியேதான் இருக்கு" என்றான்.

அப்போதுதான் மனைவி எழுந்தாள். அதுவரை அவள் முகத்தில் ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். குடம் சுமந்த நாளெல்லாம், ஊதச் சொன்ன நாளெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து அவளுக்கு விளங்கிக்கொண்டிருந்தது. "இவரு சொல்றது நிஜம்மா. இவன் சொல்றதுதான் பொய். சின்ன வயசுலேர்ந்து என் தம்பி பொய் சொன்னா இடது காதச் சொறிவான். பாருங்க, இப்பவும் சொறியுறான்!"

எல்லோரும் திரும்பினார்கள். மச்சினனின் கை காதிலேயே நின்றுவிட்டது. ஹால் குலுங்கிச் சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பி, "உங்களால என் இடுப்பே போச்சு. நீங்க குடிச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

உப்பம்மாவின் முகம் சிவந்திருந்தது. கோபமா அவமானமா, இரண்டும்தான் போலும். "காதச் சொறிஞ்சத வெச்சு நான் அளவ மாத்த முடியாதுங்க" என்றாள். "ஆனா எனக்கும் கணக்கு உதைச்சுட்டேதான் இருந்துச்சு. உங்க வாய நம்பித்தான் விட்டேன். இன்னொரு கோடை அளக்கிறேன். அதுவரைக்கும் திட்டம் நிக்கட்டும்." பையை எடுத்துக்கொண்டு, இவரைத் தாண்டும்போது பார்க்காமலே போனாள்.

அந்த ஒரு வருஷம் அவர் பட்டது அவருக்குத்தான் தெரியும். இவரால்தான் மின்சாரம் தள்ளிப்போனது என்று ஊருக்கே ஆத்திரம். ஒட்டுக்கன்று வாங்க வந்த ஒருவர், "இது நிஜமாவே ஒட்டுத்தானா? இல்ல இதுலயும் ஏதாவது தூக்கி இறக்கி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க அடுத்தவனைக் கேட்ட கேள்வி திரும்பி வரும்போது எப்படி வலிக்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மனைவியோ, அவர் செருப்பை மாட்டினாலே, "எங்க?" என்பாள்.

உப்பம்மா வந்து ஷட்டருக்குத் தன் பூட்டைப் போட்டுவிட்டுப் போனாள் என்று மச்சினன் சொல்லித்தான் தெரியும். போன் வரவில்லை. கோடை முற்றிய ஒரு காலை, ஆற்றுக்கு அந்தக் கரையில் ஜீப் சத்தம் கேட்டது. அங்கே பாதை கிடையாது. முள்ளை வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தார்கள். கூடவே மச்சினனும் நின்றான். தட்டிப்பார் ஓடிப்போய் இந்தக் கரையில் நின்றார்.

"கதவு தொறந்துதாம்மா இருக்கு! இப்படியே வந்திருக்கலாமே!"

"பரவாயில்லைங்க" என்றாள் அவள். பிறகு, "ஐயா, ஒரு உதவி. நீங்களும் உங்க மச்சினனும் கருவிக்குக் கீழ, ஆத்துக்கு நடுவுல வந்து நில்லுங்க. நான் முடிக்கிற வரைக்கும்."

"பூட்டுதான் உங்க பூட்டாச்சே?"

"பூட்டுக்கு இன்னொரு சாவி இருக்காதுன்னு நான் எப்படி நம்புறது?"

தட்டிப்பார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மச்சினனும் வந்து பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும், மாட்டிக்கொண்ட திருடர்கள் மாதிரி, முழங்காலுக்கு மேல் தண்ணீரில். மேலே உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். கருவியைத் தாண்டி அந்தத் தண்ணீர் இவர்கள் காலைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் கருவியைப் பார்ப்பாள், இவரைப் பார்ப்பாள், மறுபடியும் கருவி. திரும்பத் திரும்ப அளந்தாள். வெயில் ஏறியது. இவர் அசையவில்லை, மூக்கைச் சொறிந்தால்கூட அதையும் தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று பயம்.

கடைசியில் அவள் பெட்டியை மூடினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை இவரால்.

"எவ்வளவும்மா?"

"போன தடவையவிட ரெண்டு மடங்குக்கும் மேல. இதையே விடுவோம். உங்க பண்ணைக்குப் போதும்."

தட்டிப்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒளிக்கவும் இல்லை. ஆற்று நடுவிலேயே நின்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கரையேறி, மனைவியைக் கூப்பிட்டு, சொம்பு நிறைய மோர் கொண்டுவரச் சொன்னார். அதை வாங்கிக்கொண்டு திரும்பவும் தண்ணீரில் இறங்கி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போனார்.

"வெயில்ல நின்னிருக்கீங்க. ஒரு வாய் குடிங்கம்மா."

அவள் சொம்பைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். "இல்லங்க, என்கிட்டயே தண்ணி இருக்கு" என்று சொல்லி, பாட்டிலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

சொம்பு தளும்பத் தளும்ப அவர் திரும்பி வந்தார். இந்தக் கரையில் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏன், குடிக்கலையா அந்தப் பொண்ணு?"

"குடிக்கல."

"என்ன திமிரு பாருங்க! நான் போய்க் கேக்குறேன்."

"வேணாம்டி" என்றார் அவர். "அவ இடத்துல நான் இருந்திருந்தா, நானும் குடிச்சிருக்க மாட்டேன்."